பூட்டில் நின்றுவிட்ட திறவுகோல்

புற்றுநோயின் இருப்பிடத்தைக் காட்டும் நொதிய நிரோதிகள்

ஒரு கவளம் சோற்றை உடனே விழுங்கிவிடாது சிறிது நேரம் மென்றுகொண்டிருந்தால் அது மெல்ல இனிக்கத் தொடங்குவதை யாவரும் அறிவர். முற்றிய இறைச்சியிலே பப்பாசிக்காயின் பாலைத் தடவி வைத்துப் பின்னர் சமைத்தால் அது மெத்தென்று வேகும் என்பதை நம் தாய்மார் நூல் எதுவும் படியாமலே அறிந்து வைத்திருக்கின்றனர். சோற்றின் மாப்பொருளைச் சர்க்கரையாக மாற்றியதும், இறைச்சியின் புரதத்தை அறுத்து இளக்கியதும் நொதியங்கள் எனப்படும் நுண்ணிய பொருள்களே.

உயிர்க்கலம் தன் வேலைகளைச் செய்துகொள்வதற்கென ஆக்கிக்கொண்ட கருவிகளே நொதியங்கள். நம் உடம்பில் ஆயிரக்கணக்கான நொதியங்கள் இரவும் பகலும் தொழில் புரிகின்றன. ஒன்று வெட்டும், ஒன்று ஒட்டும், வேறொன்று ஓரிடத்திலுள்ள அணுவைக் கழற்றி மற்றோரிடத்திற் சேர்க்கும். ஒவ்வொன்றும் தனக்குரிய பொருளையே தெரிந்தெடுத்து மாற்றுகின்றது. இத்தன்மையைக் கண்டு வியந்த எமில் பிஷர் என்னும் ஜேர்மன் இரசாயன அறிஞர், 1894 ஆம் ஆண்டில் நொதியத்தைப் பூட்டுக்கும் அது மாற்றும் பொருளைத் திறவுகோலுக்கும் ஒப்பிட்டார். அந்த உவமை இன்றும் மாணவர்க்குப் பயன்படுகின்றது.

பூட்டினுள், உரிய திறவுகோலைப் போலவே தோற்றமளிக்கும் வேறொன்றை நுழைத்துவிட்டால் என்ன நிகழும்? அது உள்ளே புகும், ஆனால் திரும்பாது. அது நிற்கும்வரை உண்மைத் திறவுகோலுக்கும் இடமில்லை. இவ்வாறு நொதியத்தின் தொழிலைத் தடுக்கும் பொருளுக்கு நிரோதி என்று பெயர். இப்பெயர் புதிதாகத் தோன்றலாம், பொருள் புதிதன்று. தலைவலிக்கு நாம் விழுங்கும் அஸ்பிரின் ஒரு நிரோதியே. வலியையும் வீக்கத்தையும் தூண்டும் பொருள்களை ஆக்குகின்ற நொதியத்தை அது தடுக்கின்றது என்பதை ஜோன் வேன் என்னும் ஆங்கில அறிஞர் 1971 இல் விளக்கினார். பற்றீரியாக்களின் சுவரைக் கட்டும் நொதியத்தைத் தடுத்து அவற்றை அழிக்கும் பெனிசிலினும் அவ்வாறானதே.

ஒரு நொதியத்தின் தொழிலை நிறுத்துவதே நிரோதியின் பயன் என்று நெடுங்காலம் எண்ணப்பட்டு வந்தது. கடந்த கால் நூற்றாண்டில் புற்றுநோய் ஆராய்ச்சி இதனினும் வேறான ஒரு பயனைக் கண்டுகொண்டது. திரும்பாத திறவுகோல் பூட்டிலேயே நின்றுவிடுகின்றதல்லவா? அவ்வாறாயின், பூட்டு இருக்குமிடத்தை அது நமக்குக் காட்டவும் கூடும். அங்கே நாம் விரும்பியதைக் கொண்டுசேர்க்கவும் கூடும். இவ்வெண்ணம் எவ்வாறு தோன்றியது, நோயாளருக்கு அது எவ்வளவு பயன் தந்துள்ளது என்பனவற்றை ஈண்டு நோக்குவோம்.

கீரைச் சத்தும் குழந்தைகளின் நோயும்

கதை பம்பாயிலே தொடங்குகின்றது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர் 1928 இல் இந்தியாவுக்கு வந்து, பம்பாயின் நெசவாலைத் தொழிலாளர் குடும்பங்களிலே கர்ப்பிணிகளை வாட்டிய கொடிய குருதிச்சோகையை ஆராய்ந்தார். மதுவத்திலிருந்து எடுக்கப்படும் மார்மைற், அந்தத் தாய்மாரைத் தேற்றுவதை அவர் கண்டு 1931 இல் வெளியிட்டார். நம் நாட்டு வீடுகளுக்கு நன்கு பழக்கமான அதே மார்மைற்தான். அதிலே மறைந்திருந்த சத்து யாதென அன்று எவருக்கும் தெரியாது. 1941 இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து ஆராய்ச்சியாளர் நான்கு தொன் ஸ்பினாச் கீரையைப் பிழிந்து அத்தகைய சத்தொன்றைப் பிரித்தெடுத்தனர். இலத்தீன் மொழியில் இலையைக் குறிக்கும் சொல்லைக்கொண்டு அதற்குப் போலிக் அமிலம் என்று பெயரிட்டனர்.

கலம் ஒன்று இரண்டாகப் பிரிவதற்குப் போலிக் அமிலம் இன்றியமையாதது. புற்றுநோயோ கட்டுக்கடங்காத கலப்பிரிவு. பொஸ்டன் நகரத்துக் குழந்தைகள் வைத்தியசாலையிற் பணியாற்றிய டொக்டர் சிட்னி பார்பர், வெண்குருதிப் புற்றுநோய்க்கு ஆளான குழந்தைகளுக்குப் போலிக் அமிலச் சேர்வைகள் நோயை மேலும் விரைவுபடுத்துவதாகத் தோன்றியதைக் கவனித்தார். கொடுத்தால் வளருமாயின், தடுத்தால் தளராதா என்று அவர் எண்ணினார்.

தடுக்கும் பொருளை அவருக்கு அளித்தவர்கள், லெடர்லி ஆய்வுகூடத்தில் எல்லாப்பிரகட சுப்பாராவின் தலைமையில் இயங்கிய குழுவினர். ஆந்திர நாட்டுப் பீமாவரத்தில் 1895 இற் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று, பின் அமெரிக்கா சென்றவர் சுப்பாராவ். அமினோப்தெரின் என்ற அந்த மருந்து 16 குழந்தைகளுக்கு அளிக்கப்பட்டது. அவர்களுள் 10 பேர் தேறியதாக 1948 ஆம் ஆண்டு ஆனி மாதத்திற் பார்பர் அறிவித்தார். அத்தேற்றம் நிலைக்கவில்லை, நோய் மீண்டது. எனினும், அதுகாறும் மருந்தென்று சொல்லத்தக்கது எதுவும் இல்லாதிருந்த நோய்க்கு முதன்முதலாக ஒரு வழி புலப்பட்டது. போலிக் அமிலத்தைப் பயன்படத்தக்க வடிவத்துக்கு மாற்றும் நொதியத்தையே அம்மருந்து தடுக்கின்றது என்பது பின்னர் விளங்கிற்று. அதன் உடன்பிறப்பாகிய மெதொத்திரெக்சேற் இன்றும் வைத்தியசாலைகளில் வழங்குகின்றது.

ஆயினும் இத்தகைய மருந்துகளுக்கு ஒரு பெருங்குறை உண்டு. அந்த நொதியம் புற்றுக்கலத்தில் மட்டுமன்றி எல்லாக் கலங்களிலும் உள்ளது. ஆகவே விரைந்து பிரிகின்ற நல்ல கலங்களும் தாக்குண்கின்றன. வாய் புண்ணாகின்றது, குருதியை ஆக்கும் என்புமச்சை சோர்கின்றது. அம்பு கூரியதுதான்; ஆனால் அதற்குப் பகைவனின் வீட்டு முகவரி தெரியாது. அந்த முகவரியைத் தேடுவதே அடுத்த தலைமுறையினரின் பணியாயிற்று.

மூளையில் ஒன்று, புரோஸ்டேட்டில் ஒன்று

ஆடவருக்கு மட்டும் உரியது புரோஸ்டேட் எனப்படும் முன்னிற்குஞ்சுரப்பி. சிறுநீர்ப்பையின் அடியில், சிறுநீர்க் குழாயைச் சூழ்ந்து அமைந்திருப்பது. முதுமையில் இச்சுரப்பியில் உண்டாகும் புற்றுநோய் பலரிடத்து ஆறுதலாகவே வளரும். சிலரிடத்தோ நிணநீர்க் கணுக்களுக்கும் என்புகளுக்கும் பரவி உயிரைக் கொள்ளும். சத்திரசிகிச்சையால் சுரப்பியை அகற்றிய பின்னரும், குருதிப் பரிசோதனையில் நோயின் சுவடு மீண்டும் தலைகாட்டுவதுண்டு. எங்கேயோ சில கலங்கள் ஒளிந்திருக்கின்றன என்று அப்பரிசோதனை எச்சரிக்கும்; எங்கே என்று சொல்லாது. பழைய முறைப் படங்களில் அவை தென்படுவதும் அரிது. இடந்தெரியாத பகைவனுடன் போரிடுவது எங்ஙனம்? இதுவே மருத்துவரையும் நோயாளரையும் நெடுங்காலம் வருத்திய வினா.

1987 இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர், புரோஸ்டேட் புற்றுக்கலங்களின் மென்சவ்வில் மிகுதியாக இருக்கும் ஒரு புரதத்தைப் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரியொன்றை உண்டாக்கினர். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களால் அப்புரதம் பி.எஸ்.எம்.ஏ. என அழைக்கப்படலாயிற்று. 1993 இல் நியூ யோர்க் நகரத்து மெமோரியல் ஸ்லோன் கெற்றரிங் புற்றுநோய் நிலையத்தார் அதன் மரபணுவையும் கண்டறிந்தனர். ஆனால் அந்தப் புரதம் அங்கே என்ன தொழிலைச் செய்கின்றது என்பது அப்பொழுது தெரியவில்லை.

இதே காலத்தில், புற்றுநோயோடு யாதொரு தொடர்புமின்றி, மூளையை ஆராய்ந்துகொண்டிருந்தனர் வேறு சிலர். மூளையில் நரம்புக் கலங்களுக்கிடையே செய்தி கொண்டுசெல்லும் பொருளொன்றை வெட்டி, அதிலிருந்து குளுட்டமேற் என்னும் பொருளை விடுவிக்கும் நொதியம் ஒன்று உண்டு. குளுட்டமேற் அளவோடு இருந்தால் நன்மை. பாரிசவாதம் முதலிய நோய்களில் அது மிதமிஞ்சிப் பெருகி நரம்புக் கலங்களை மாய்க்கின்றது. அந்த நொதியத்தைத் தடுத்தால் மூளையைக் காக்கலாமன்றோ? இவ்வெண்ணத்துடன் அமெரிக்காவின் பால்ரிமோர் நகரில் பார்பரா ஸ்லஷர் முதலியோர் நிரோதிகளை ஆக்கினர். 1999 இல் எலிகளிலே நல்ல பயனும் கண்டனர். ஆனால் மனிதரின் மூளை நோய்க்கு மருந்துக்கடையில் வாங்கத்தக்க மருந்தொன்றை அம்முயற்சி இன்றளவும் தரவில்லை.

அதற்கு முன்னரே, 1996 இல், இரு துறைகளும் எதிர்பாராத வகையிற் சந்தித்தன. புரோஸ்டேட் அறிஞர்கள் கண்ட பி.எஸ்.எம்.ஏ. புரதமும் மூளை அறிஞர்கள் ஆராய்ந்த நொதியமும் ஒன்றே என்பது தெளிவாயிற்று. இதில் மற்றுமொரு புதுமையும் உண்டு. கீரையிலுள்ள போலிக் அமிலத்தின் வாலில் குளுட்டமேற் அலகுகள் மணிகளைக் கோத்தாற்போல் தொடர்ந்திருக்கும். அம்மணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, அச்சத்தை உடம்பு ஏற்கும்படி செய்வதற்கு நம் சிறுகுடலிலும் இதே நொதியம் இருக்கின்றது. பம்பாய்த் தாய்மாரின் குருதிச்சோகையில் தொடங்கிய கதை இங்கே மீண்டும் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்கின்றது.

மூளைக்கென வார்த்த திறவுகோல் புரோஸ்டேட் புற்றின் பூட்டுக்குப் பொருந்தும் என்பது இதனால் விளங்கிற்று. 2001 இல் அலன் கொசிக்கோவ்ஸ்கியின் குழுவினர் யூரியா இணைப்பைக் கொண்ட புதிய நிரோதிகளை வெளியிட்டனர். ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்து மார்ட்டின் பொம்பர் அத்தகைய பொருள்களிலே கதிர்த்தொழிற்பாடுள்ள அணுக்களைப் பிணைத்து, சுண்டெலிகளின் உடலிலுள்ள கட்டிகள் படத்தில் ஒளிரக் கண்டார்.

இந்த நிரோதியின் அமைப்பு எளியது. இரண்டு அமினோவமிலங்களை யூரியாவால் இணைத்ததே அதன் தலைப்பகுதி. நொதியம் வழக்கமாக வெட்டும் பொருளைப் போலவே அது இருப்பதால், நாக அணுக்கள் இரண்டு காவலிருக்கும் குழியினுள் தடையின்றிப் புகுகின்றது. புகுந்த பின்னர், வெட்டுவதற்குரிய பிணைப்பு அங்கே இல்லை. யூரியாப் பிணைப்பை வெட்ட அந்நொதியத்தால் இயலாது. எனவே நிரோதி நிலைத்து நிற்கின்றது. அப்பால் புற்றுக்கலமே அந்த நொதியத்தை, அதிற் பற்றி நிற்கும் நிரோதியோடு சேர்த்து, தன்னுள்ளே இழுத்துக்கொள்கின்றது.

இதற்கு முன்னர் பிறபொருளெதிரியைக்கொண்டு இதே புரதத்தைப் படம்பிடிக்கும் முறையொன்று 1996 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றிருந்தது. அது பெரிய மூலக்கூறு; குருதியிற் பல நாள் அலையும். அன்றியும் அது பற்றியது அப்புரதத்தின் கலத்துக்குள்ளே இருக்கும் நுனியை. உயிருள்ள கலத்தின் உள்ளே புகுதல் எளிதன்று. ஆகையால் படம் தெளிவாக அமையவில்லை. நிரோதியோ மிகச் சிறியது. நொதியத்தின் குழியும் கலத்தின் வெளிப்புறத்திலேயே உள்ளது. ஒரு மணி நேரத்துக்குள் அது இடத்தை அடைந்துவிடும். எஞ்சியது சிறுநீருடன் பெரிதும் நீங்கிவிடும்.

விளக்கும் நெருப்பும்

2012 இல் ஜேர்மனியின் ஹைடல்பேர்க் நகரிலுள்ள புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தார், இத்தகைய நிரோதியின் வாலிலே ஒரு சிறு கூண்டைப் பொருத்தி, அதனுள் கலியம்-68 என்னும் கதிர்த்தொழிற்பாட்டு அணுவை அமர்த்தினர். அந்த அணு வெளிவிடும் பொசித்திரன் துணிக்கை, அண்மையிலுள்ள இலத்திரனோடு மோதி மறையும்போது இரண்டு கதிர்கள் எதிரெதிர்த் திசைகளிற் பாய்கின்றன. நோயாளரைச் சூழ்ந்திருக்கும் கருவி அக்கதிர்களைப் பிடித்து, அவை எங்கிருந்து புறப்பட்டன எனக் கணித்துப் படமாக்குகின்றது. இருண்ட வயலில் ஒரு மின்மினி இருக்குமிடத்தை அதன் ஒளியால் அறிவதுபோல, சில மில்லிமீற்றர் அளவான கட்டியின் இருப்பிடத்தையும் பல வேளைகளில் இப்படத்தால் அறியலாம்.

கலியம்-68 இன் அரை ஆயுட்காலம் 68 நிமிடங்களே. காலையில் எடுத்ததை மாலைக்கென வைத்திருத்தல் ஆகாது. ஆகவே, அரை ஆயுட்காலம் 271 நாட்களாகிய ஜேர்மானியம்-68 ஐ ஒரு சிறு கலனில் வைத்திருந்து, அதிலிருந்து பிறக்கும் கலியத்தை வேண்டும்போது வடித்தெடுக்கின்றனர். விஞ்ஞானிகள் இதனைப் பால் கறத்தல் என்றே வேடிக்கையாகக் கூறுவர். பசு வைத்தியசாலையிலே நின்றால், பால் வேண்டியபோது கிடைக்குமன்றோ?

படத்துக்கென உடலிற் செலுத்தும் நிரோதியின் அளவு மிக மிகச் சொற்பம். நொதியத்தின் தொழிலை நிறுத்துவதற்கு அது போதாது. நிறுத்தவேண்டும் என்பதும் நோக்கமன்று. இங்கே தடை ஒரு பொருட்டன்று, பற்றுதலே பொருட்டு. மருந்தாக ஆகவேண்டுமென்று பிறந்த பொருள், முகவரி தெரிந்த தூதுவனாக மாறியது.

தூதுவனின் கையில் விளக்கைக் கொடுத்தவர்கள் பின்னர் நெருப்பையும் கொடுக்க எண்ணினர். 2015 இல் அதே ஹைடல்பேர்க் குழுவினர் பி.எஸ்.எம்.ஏ.-617 என்ற திருத்திய நிரோதியை வெளியிட்டனர். அதன் கூண்டினுள் லுட்டீசியம்-177 ஐ வைக்கலாம். ஏறத்தாழ ஆறரை நாள் அரை ஆயுட்காலமுடைய அந்த அணு வெளிவிடும் பீற்றாத் துணிக்கைகள் உடலின் இழையங்களில் இரண்டு மில்லிமீற்றர் அளவுக்குள் தம் வேகம் இழந்துவிடும். எனவே அவற்றின் சூடு பெரும்பாலும் கட்டியையே தாக்கும். அயலிலுள்ள நல்ல இழையத்துக்குக் கேடு குறைவு. முதலில் விளக்கைச் செலுத்திப் பார்த்து, எவருடைய கட்டிகள் ஒளிர்கின்றனவோ அவருக்கே நெருப்பைச் செலுத்துகின்றனர். ஒளிராதவருக்கு வேறு வழி நாடுகின்றனர். பயன்படாத மருந்தால் ஒருவர் வீணே துன்புறாது காக்கப்படுதலும் ஒரு நன்மையே.

பார்ப்பதற்கும் பண்டுவத்துக்கும் ஒரே பொருளைக் கையாளுதல் முற்றிலும் புதியதன்று. தொண்டையிலுள்ள தைரொயிட் சுரப்பி அயடீனைத் தானே தேடி ஈர்ப்பதைப் பயன்படுத்தி, 1941 இல் டொக்டர் சோல் ஹேர்ட்ஸ் பொஸ்டனிலே கதிர்வீசும் அயடீனை நோயாளருக்கு அளித்தார். அங்கே இயற்கையே முகவரியைத் தந்தது. ஏனைய உறுப்புக்களுக்கு அத்தகைய அயடீன் இல்லை. அந்தக் குறையையே இப்பொழுது நிரோதிகள் நிரப்புகின்றன.

எண்கள் சொல்லும் உண்மை

புதுமையைக் கண்டு மயங்குதல் எளிது. நோயாளருக்குக் கிடைத்தது யாதென எண்களைக் கேட்டறிதலே அறிவுடைமை.

அவுஸ்திரேலியாவில் 302 நோயாளரைக்கொண்டு நடைபெற்ற ஆய்வின் முடிவு 2020 இல் வெளியாயிற்று. நோய் பரவியிருக்கக்கூடும் என ஐயுறப்பட்டவர்களிடத்து, வழக்கமான படங்கள் 65 வீதம் சரியாகக் காட்டின. நிரோதியைக்கொண்ட புதிய படமோ 92 வீதம் சரியாகக் காட்டிற்று. நோயாளர் ஏற்ற கதிர்வீச்சும் புதிய முறையில் பாதிக்கும் குறைவாயிருந்தது. அந்த ஆண்டின் மார்கழியில் அமெரிக்காவில் கலியப் படத்துக்கு அனுமதி கிடைத்தது.

பண்டுவத்தைப் பற்றிய பெரிய ஆய்வு 2021 இல் வெளியாயிற்று. நோய் முற்றி, ஓமோன் சிகிச்சையும் வேறு மருந்துகளும் பயனற்றுப்போன 831 பேர் அதிற் பங்குபற்றினர். வழக்கமான பராமரிப்பை மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுட்காலம் 11.3 மாதங்கள், அதனுடன் லுட்டீசியமும் பெற்றவர்களுக்கு 15.3 மாதங்கள். நோய் மேலும் முற்றாது அடங்கியிருந்த காலம் 3.4 மாதங்களிலிருந்து 8.7 மாதங்களாக உயர்ந்தது. 2022 ஆம் ஆண்டு பங்குனியில் இம்மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2025 இல், வேதிமருந்துச் சிகிச்சைக்கு முன்னரே இதனை அளிப்பதற்கும் அங்கே இசைவு கிடைத்தது.

நான்கு மாதங்கள்! இது பெரிதா, சிறிதா? முற்றிய நோயைக் குணமாக்கும் மருந்து என்று இதனைச் சொல்லுதல் பொய்யாகும். நோயாளரின் நம்பிக்கையை வைத்து வாணிகம் செய்வோர் எங்கும் உளர். அவர்களுடைய சொல்லுக்கு எதிராக இவ்வெண்ணை நினைவில் வைத்திருத்தல் நன்று. ஆனால் மகளின் திருமணத்தையோ பேரக்குழந்தையின் பிறப்பையோ காத்திருக்கும் ஒரு தந்தைக்கு நான்கு மாதம் சிறிதென்று யார் சொல்வார்? அன்றியும் இஃது இடைநிலைக் கணக்கு. பாதிப்பேர் இதனினும் கூடிய காலம் வாழ்ந்தனர், பாதிப்பேர் குறைந்த காலம் வாழ்ந்தனர் என்பதே இதன் பொருள்.

விலையும் இல்லாமலில்லை. லுட்டீசியம் பெற்றவர்களுள் 100 பேருக்கு ஏறத்தாழ 39 பேர் வாய் உலர்ந்து வருந்தினர். உமிழ்நீர்ச் சுரப்பிகளும் இப்பொருளை ஈர்த்துக்கொள்வதே காரணம். சோற்றை மென்றால் இனிக்கும் என்று மேலே சொன்னோம். அந்த இனிப்பைத் தரும் உமிழ்நீரே இவர்களுக்கு அரிதாகின்றது. லுட்டீசியத்துக்குப் பதிலாக, ஒரு சில கலங்களின் தூரமே பாயும் ஆற்றல் மிக்க அல்பாத் துணிக்கைகளை வெளிவிடும் அக்டினியம்-225 ஐ வைத்து ஹைடல்பேர்க் மருத்துவர் 2016 இல் வியக்கத்தக்க பலன் கண்டனர். ஆனால் வாய் உலர்தலும் அங்கே கடுமையாயிற்று. சுரப்பிகளைக் காத்துக்கொண்டு கட்டியை மட்டும் சுடுவது எவ்வாறு என்பது இன்றைய ஆராய்ச்சியின் பெரிய வினாக்களுள் ஒன்று.

மெய்காவலனாகச் செல்லும் நிரோதி

நிரோதிக்கு மற்றுமொரு தொண்டும் வாய்த்திருக்கின்றது. சில புற்றுநோய்க் கட்டிகளின் மேற்பரப்பில், உடலின் இயற்கை ஓமோன்களை ஏற்கும் வாயில்கள் மிகுதியாக உள. அந்த ஓமோன்களைப் போன்ற சிறிய புரதத் துண்டுகளிலே கதிரணுவைப் பிணைத்துச் செலுத்தினால் அவை கட்டியை நாடும். ஆனால் வழியிலே கள்வர் இருக்கின்றனர். குருதி நாளங்களிலும் உறுப்புக்களிலும் உள்ள வெட்டும் நொதியங்கள், அத்துண்டுகளைச் சில நிமிடங்களிலேயே அரிந்துவிடுகின்றன. தூதுவன் ஊர் சேருமுன் வழியிலேயே மடிகின்றான்.

தூதுவனின் உருவத்தை மாற்றி அவனை வன்மையுள்ளவனாக்குதல் ஒரு வழி. ஆனால் உருவம் மாறினால் வாயில் அவனை ஏற்காமலும் போகலாம். ஏதென்ஸ் நகரத்து பெர்தோல்ட் நொக், தெயோடோசியா மைனா ஆகியோரும், நெதர்லாந்தின் றொட்டர்டாம் நகரத்து எரிக் கிரெனிங், மரியன் டி யொங் ஆகியோரும் 2014 இல் வேறொரு வழியைக் காட்டினர். தூதுவனை மாற்றாது, அவனுடன் ஒரு மெய்காவலனை அனுப்பினர். அம்மெய்காவலன், நெப்ரிலைசின் என்னும் வெட்டும் நொதியத்தைச் சிறிது நேரம் கட்டிவைக்கும் நிரோதி. சுண்டெலிகளில் இரண்டையும் ஒருங்கே செலுத்தியபோது, அரிபடாத துண்டுகள் குருதியில் மிகுந்தன; கட்டியைச் சென்றடைந்த அளவும் பெருகிற்று.

நெப்ரிலைசினைத் தடுக்கும் மருந்துகள் மனிதருக்குப் புதியனவல்ல. வயிற்றோட்டத்துக்கு வழங்கும் ரசெக்கடோட்ரில் அதனையே தடுக்கின்றது. இதயத்தளர்ச்சிக்கென 2015 முதல் வழங்கும் மாத்திரையொன்றிலும் அத்தகைய நிரோதி உண்டு. பழகிய மாத்திரையொன்றே புதிய பண்டுவத்துக்குக் காவலாகலாம் என்ற நோக்குடன் இந்த இதய மாத்திரையையும் சுண்டெலிகளிற் சோதித்து நல்ல பயன் கண்டுள்ளனர்.

முகவரி காட்டும் நிரோதிகளும் புரோஸ்டேட்டோடு நின்றுவிடவில்லை. பல புற்றுக்கட்டிகளில், புற்றுக்கலங்களைச் சூழ்ந்து அவற்றுக்கு ஆதரவு நல்கும் நார்க்கலங்கள் மண்டிக் கிடக்கும். அந்நார்க்கலங்களின் மேலுள்ள நொதியமொன்றைப் பற்றும் நிரோதியை ஹைடல்பேர்க் அறிஞர் 2018 இல் வெளியிட்டனர். அடுத்த ஆண்டிலே, 28 வகையான புற்றுநோய்களில் அந்நிரோதி கட்டியைச் சென்று பற்றுவதைப் படங்களாற் காட்டினர். கள்வனைக் காணவியலாதபோது, அவனுக்குச் சோறு சமைக்கும் வீட்டைக் காண்பது போன்றது இது.

நாம் கொள்ளத்தக்கது

இப்பண்டுவம் எளிதிற் பரவத்தக்கதன்று. நாள்தோறும் தேய்ந்துபோகும் அணுவைக் களஞ்சியத்திற் சேமித்து வைக்க முடியாது. அணு உலையிலிருந்து நோயாளரின் கட்டில்வரை ஒவ்வொரு கண்ணியும் நேரந்தவறாது இயங்க வேண்டும். பயின்ற மருத்துவரும், கதிரியலாளரும், விலையுயர்ந்த கருவிகளும் வேண்டும். செல்வ நாடுகளில் கண்ட நன்மை ஏனைய நாடுகளின் ஏழை நோயாளரையும் அடையும்போதே இந்த அறிவு முழுமை பெறும்.

ஆயினும் குடும்பத்தினர் இன்றே கொள்ளத்தக்க பயனொன்று உண்டு. சிறுநீர் கழிப்பதில் உண்டாகும் தொல்லையை வெளியிற் சொல்ல நம் முதியோர் நாணுவர். வயதாகிவிட்டால் இப்படித்தான் என்று தம்மைத் தாமே தேற்றிக்கொள்வர். பெரும்பாலும் அஃது உயிருக்கு ஊறில்லாத வீக்கமாகவே இருக்கும். ஆனால் அதனை உறுதிசெய்ய வேண்டியவர் மருத்துவர், அயல்வீட்டார் அல்லர். ஆரம்பத்திலேயே, சுரப்பிக்குள் அடங்கியிருக்கும்போதே கண்டறிந்த நோய் முற்றாகக் குணமாகவும் கூடும். அந்நிலையிற் கிடைக்கும் ஆண்டுகளோடு ஒப்பிடுகையில், முற்றிய நோய்க்கு மேலே சொன்ன நான்கு மாதங்கள் மிகச் சிறியனவே.

மாணவருக்கும் இதிலே ஒரு செய்தி உண்டு. பாரிசவாதத்துக்கு மருந்து தேடியவர்கள் தாம் தேடியதைப் பெறவில்லை. அவர்கள் செய்த திறவுகோல் ஆய்வுகூடத்து அலுமாரியிலே கிடந்து வீணாகியிருக்கலாம். வேறொரு துறையினர் எழுதிய கட்டுரையை ஊன்றிப் படித்து, இரண்டு பெயர்களால் அழைக்கப்பட்ட பொருள் ஒன்றே எனக் கண்டவர்கள் அதனை வீணாகாது காத்தனர். தம் பாடநூலோடு அமையாது, அடுத்த மேசையிலிருக்கும் நூலையும் புரட்டிப் பார்க்கும் மாணவர் நம்மிடையே பெருகுவாராக.